பால்வாடி டீச்சர் ஆக: நெல்லைப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி, "எனக்குச் சின்னப் பிள்ளைகளோட வேலை பாக்கணும்" என்று வீட்டில் சொன்னால், மறுநாளே யாராவது ஒரு மைனியோ சித்தியோ, "அப்போ நர்சரி டீச்சர் டிரெயினிங் முடிச்சிரு" என்று ஒரு நோட்டீஸோடு வந்து நிற்பார்கள். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அந்த மாதிரி போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, ஆறு மாதமோ ஒரு வருஷமோ படித்து, சான்றிதழும் வாங்கிய பிறகுதான் ஒரு விஷயம் தெரியவரும். அரசு அங்கன்வாடி வேலைக்கு அந்தச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்பது பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் நீங்கள் எந்த ஊர் என்பதையும்தான்.

அதனால் படிப்பைத் தேடும் முன்னால் வேலையைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்கு ஏற்றபடி தகுதியும் மாறும்.

எந்த இடத்தில் வேலை பார்க்கப் போகிறீர்கள்?

நம் பக்கத்தில் மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, எல்லாரும் பால்வாடி என்று சொல்லும் அரசு அங்கன்வாடி. இரண்டாவது, பாளையங்கோட்டை, பெருமாள்புரம், வள்ளியூர் என்று டவுன் பக்கம் பெருகிக்கொண்டே போகும் தனியார் மழலையர் பள்ளிகள். மூன்றாவது காப்பகம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை வந்து பிள்ளையைப் பார்த்துப் போக அனுமதிக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் திருத்தம் வந்தது. மத்திய அரசின் பால்னா திட்டத்தில், ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களும் உண்டு. காப்பக வேலையில் பாதி, கைக்குழந்தையைக் கவனிப்பதுதான். துணி மாற்றவும் பால் புகட்டவும் தூங்க வைக்கவும் மனசு இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

வளர்ச்சி தாமதமான பிள்ளைகளோடு வேலை பார்ப்பது இன்னொரு தடம். அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த சிறப்புக் கல்விப் பட்டயம் வேண்டும், மன்றத்தில் பதிவும் செய்ய வேண்டும். காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் பாளையங்கோட்டையில் இருப்பதால், இந்த வேலை எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க நீங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை.

அங்கன்வாடி: விதிகள் என்ன சொல்கின்றன

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இப்போது 54,439 மையங்கள். அவற்றில் 4,940 குறு மையங்கள், அதாவது ஆள் குறைந்த குடியிருப்புகளுக்கான சின்ன மையங்கள். ஒரு முதன்மை மையத்தில் ஒரு பணியாளர் (டீச்சர்), ஒரு உதவியாளர் (ஆயா). இரண்டு பணியிடங்களும் பெண்களுக்கு மட்டுமே.

2025 ஏப்ரலில் வந்த அறிவிப்பை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். மாநிலம் முழுக்க 7,783 இடங்கள் அறிவித்தார்கள்: பணியாளர் 3,886, குறு மையப் பணியாளர் 305, உதவியாளர் 3,592. பணியாளருக்கும் குறு மையப் பணியாளருக்கும் பிளஸ் டூ தேர்ச்சி, வயது 25 முதல் 35 வரை. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40 வரை. மாற்றுத்திறனாளிகளுக்கு 38 வரை. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 20 முதல் 40 வரை. அதிலும் மேற்சொன்னவர்களுக்குச் சலுகை உண்டு. தமிழ் சரளமாக எழுதப் படிக்கத் தெரிய வேண்டும்.

சம்பளம் முதல் 12 மாதம் தொகுப்பூதியம், அதாவது மாதம் ஒரே தொகை: பணியாளருக்கு 7,700 ரூபாய், குறு மையத்தில் 5,700, உதவியாளருக்கு 4,100. அதற்குப் பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம். பணியாளருக்கு அது 7,700 – 24,200 என்ற கட்டு. பெரிய சம்பளம் இல்லை. இதை வீட்டில் உட்கார்ந்து நன்றாக யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அரசு வேலை என்ற பெயரைக் கேட்டதும் பலர் எண்ணைப் பார்ப்பதில்லை.

வயதுக் கணக்கையும் கவனியுங்கள். பிளஸ் டூ முடிக்கும்போது பதினெட்டு. பணியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க இருபத்தைந்து ஆக வேண்டும். நடுவில் ஏழு வருஷம் இருக்கிறது. அந்த ஏழு வருஷத்துக்குத்தான் படிப்பும், தனியார் பள்ளி அனுபவமும், உதவியாளர் வேலையும். உதவியாளருக்கு வயது 20 என்பதால், அங்கிருந்து தொடங்கி மேலே வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆயா வேலைதானே என்று முகம் சுளிக்க வேண்டாம். சமையல் முதல் பிள்ளையை மடியில் போட்டு ஆற்றுவது வரை மையத்தின் பாதி பாரம் அந்த அம்மா தலையில்தான்.

எந்த ஊர் என்பது எவ்வளவு முக்கியம் தெரியுமா? காலியிடம் எந்தக் கிராமத்தில் இருக்கிறதோ, அந்தக் கிராமத்துப் பெண்ணுக்கு முதலிடம். அங்கே ஆள் இல்லையென்றால் அதே ஊராட்சியின் மற்ற ஊர்கள், பிறகு பக்கத்து ஊராட்சி. மாநகராட்சிக்குள் என்றால் அதே வார்டு, அடுத்த வார்டு. ஆகவே கல்யாணமாகி வந்தவர்கள் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் முகவரியைப் புகுந்த வீட்டுக்கு மாற்றி வைத்திருக்க வேண்டும். அம்மா வீடு மானூரில், கார்டு மானூரில், குடியிருப்பது களக்காட்டில் என்றால் இரண்டு இடத்திலும் சிக்கல். அறிவிப்பு வந்த பிறகு மாற்ற ஓடினால் நாள் போதாது.

இன்னொன்று. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆலங்குளம், கடையம், சங்கரன்கோவில் பக்கம் இருப்பவர்கள் தென்காசி மாவட்ட அறிவிப்பைப் பார்க்க வேண்டும். பழைய பழக்கத்தில் நெல்லை கலெக்டர் ஆபீஸுக்கு வந்து திரும்பிப் போகாதீர்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாப்பாக்குடி, நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் எல்லாம் நெல்லைதான்.

விண்ணப்பம் போய்ச் சேருவது வட்டாரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அலுவலகத்துக்கு. சிடிபிஓ ஆபீஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, தேவைப்படுபவர்களுக்கு விதவைச் சான்று அல்லது மாற்றுத்திறனாளி அட்டை: எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். தேர்வு நேர்முகத்தில்தான். "ஒரு லட்சம் குடுத்தா வாங்கித் தாரேன்" என்று யாராவது வந்தால், அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஒரு ஜோடிக் கம்மல் எடுத்துப் போடுங்கள், அதுவாவது வீட்டில் இருக்கும்.

பணம் கட்டிப் படிக்கும் முன்

தனியார் மழலையர் பள்ளிக்குப் போக நினைப்பவர்களுக்குப் பட்டயம் உதவும். அங்கே வேலை கொடுப்பவர் கேட்பார், பெற்றோரும் கேட்பார்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் பிளே ஸ்கூல்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டும் என்கிறது. வேலைக்குச் சேரப் போகும் பள்ளியில் ஒரு வகுப்பை எட்டிப் பார்த்துத் தலையை எண்ணுங்கள். நாற்பது பிள்ளைக்கு ஒரே ஒரு மிஸ் இருந்தால், அங்கே நீங்கள் கற்றுக்கொள்ளப் போவது அதட்டுவதை மட்டும்தான்.

படிப்புகளில் எது எது என்று பிரித்துப் பார்ப்போம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரித்த முன்பருவக் கல்விப் பட்டயம் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு. தொடக்கக் கல்விப் பட்டயமும் இரண்டு ஆண்டுதான். அது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான ஆசிரியர் பயிற்சி. நம் மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் முனைஞ்சிப்பட்டியில் இருக்கிறது. அந்த வருஷச் சேர்க்கை பற்றி அங்கேயே நேரில் கேட்டுவிடுங்கள். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கிய பிறகு, தொடக்கக் கல்விப் பட்டயம் படித்தவர்களுக்கும் சின்னப் பிள்ளை வகுப்பில் ஒரு இடம் வந்தது.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயம் நல்ல தேர்வு. பிளஸ் டூ போதும். குறைந்தது ஓராண்டு, 32 கிரெடிட், மூன்று பாடமும் ஒரு செயல்திட்டமும். குழந்தை வளர்ச்சி, உடல்நலம், ஊட்டச்சத்து, மாற்றுத்திறன் பிள்ளைகள் எல்லாம் அதில் வரும். பாடப்புத்தகம் எந்த மொழியில் தருவார்கள் என்று சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாண்டிசோரி என்று போர்டு வைத்த எல்லா இடமும் ஒன்றில்லை. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தியவர், ஆகவே தமிழ்நாட்டுக்கு இந்தக் கற்பித்தல் முறை புதிதும் அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: பயிற்சியில் உண்மையான பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எத்தனை நாள் உட்கார வைப்பார்கள், கற்பித்தல் சாமான்களை உங்கள் கையால் எடுத்துப் பழக விடுவார்களா. "ஆன்லைன்ல முடிச்சிரலாம் மேடம், சர்டிபிகேட் கொரியர்ல வந்திரும்" என்று போனிலேயே சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கை பழக வேண்டிய வேலைகள்

எந்த வழியில் போனாலும், வேலைக்கு முன்பே பக்கத்து மையத்து டீச்சரிடம் அனுமதி கேட்டுச் சில காலைகள் உட்கார்ந்து பாருங்கள். சாணைப் பிள்ளைக்காரி (கைக்குழந்தைக்காரி) ஒருத்தி சத்துமாவு வாங்க வருவாள், ஒரு கர்ப்பிணி எடை பார்க்க வருவாள், நடுவில் ஒருத்தன் டிராயரோடு ஒன்றுக்கு இருந்துவிட்டு நிற்பான். டீச்சர் இத்தனையையும் சமாளித்துக்கொண்டே கதையும் சொல்லுவார். அதைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

எடை எடுப்பதுதான் முதல் வேலை. எளிதாகத் தெரியும், ஆனால் தப்பு அதிகம் நடப்பதும் இதில்தான். தராசு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். செருப்பு, கனத்த சட்டை, இடுப்புக் கொடி வரை கழற்ற வேண்டும். உயரம் அளப்பதில் ஒரு விதி: இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், இரண்டு வயதுக்கு மேலே நிற்க வைத்து உயரம். ஒரே பிள்ளையைப் படுக்க வைத்து அளந்தால் ஏறத்தாழ 0.7 செ.மீ. கூடுதலாக வரும், அதனால் இரண்டையும் மாற்றிப் போட்டால் கணக்கே மாறிவிடும். குதிகால் பலகையில் ஒட்டியிருக்கிறதா என்று ஒருவர் பார்க்க, இன்னொருவர் தலைப் பக்கம் பார்க்க வேண்டும். தனியாளாக எடுத்த உயரத்தை நான் நம்புவதில்லை.

அடுத்து கைச்சுற்றளவு நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது மேற்கையின் நடுவில் சுற்றி, இறுக்காமல் தொங்கவிடாமல் படிக்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. 11.5 முதல் 12.5க்குள் என்றால் மிதமானது. இரண்டு பாதமும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தால், நாடா என்ன சொன்னாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எண்ணை எழுதி வைப்பதோடு டீச்சர் வேலை முடியாது. போன மாதத்து எடையும் இந்த மாதத்து எடையும் ஒன்றாகவே இருக்கும் பிள்ளையின் வீட்டுக்குப் போய், என்ன சாப்பிடுகிறான், பேதி இருந்ததா என்று கேட்டு வருவதும் சேர்ந்ததுதான். "டீச்சர், பய முட்டையே தின்ன மாட்டேங்கான்" என்று அம்மா சொல்லுவாள். மையத்தில் வாரம் மூன்று முட்டை கிடைக்கிறது. நாலு பிள்ளைகளோடு வட்டமாக உட்கார வைத்தால் அவனும் தின்பான்.

பீடி சுற்றும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கூடல், பாப்பாக்குடி, பேட்டை, மேலப்பாளையம் பக்கம் பல அம்மாமார் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறார்கள். தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் புகையிலைத் தூள். வாயில் போட்டால் ஆபத்து. "ஏன் இப்படி வச்சிருக்கீங்க" என்று அதட்டினால் அந்த அம்மா அடுத்த நாள் பிள்ளையை அனுப்ப மாட்டாள். அது அவள் வயிற்றுப்பாடு. தட்டையும் இலையையும் உயரத்தில் வைக்கவும், கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கவும் மெதுவாகச் சொல்லுங்கள். அவள் நிம்மதியாக உட்கார்ந்து சுற்றும் நாலு மணி நேரம் பிள்ளை மையத்தில் இருப்பதுதான் உண்மையான தீர்வு.

மூச்சடைப்புக்கு முதலுதவி பழகாமல் யாரும் பிள்ளைகளிடம் வேலைக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி. ஒரு வயதுக்குக் கீழே என்றால் பிள்ளையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்துகொண்டே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். தொண்டைக்குள் விரலைவிட்டுத் துழாவக் கூடாது, பொருள் இன்னும் உள்ளே போகும். ஒரு வயதுக்கு மேல் வயிற்றை அழுத்தும் முறை வேறு. அதைப் புத்தகத்தில் படித்தால் வராது, பயிற்சி கொடுப்பவர் முன்னால் பொம்மையில் செய்து பாருங்கள்.

மையத்துக்குள் நுழையும் முதல் நாளே சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு நடை நடங்கள். மஞ்சள் அரளி நின்றால் அதன் காய் விஷம். குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் கடித்தால் கொல்லும். எண்ணப் பழக்குகிறோம் என்று குன்றிமணியைத் தட்டில் கொட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் உடனே எடுத்துவிடுங்கள். புளியங்கொட்டைகூட மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். திறந்த கிணறு, வாய்க்கால், மூடாத தண்ணீர்த் தொட்டி எங்கே என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுச் சாமானுக்கு விலை கொடுத்துப் பிளாஸ்டிக் வாங்க வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான் இருக்கிறது, பனையோலைக் காற்றாடி, கிலுகிலுப்பை இருக்கிறது, நுங்கு வண்டி இருக்கிறது. செப்பை வைத்துப் பிள்ளைகள் சோறு பொங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தன பேருக்குச் சோறு? யாருக்குப் பெரிய கிண்ணம்?" என்று கேட்டால் எண்ணும் அளவும் வந்துவிடும். மாநில அரசின் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் ஆட்டத்தையும் பாட்டையும் வைத்துத்தான் போகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் விரலைப் பிடித்து "அ" எழுத வைக்கச் சொல்லிப் பெற்றோர் நெருக்குவார்கள். களிமண் உருட்டுவதும் மணி கோப்பதும்தான் அந்த விரலை எழுதத் தயாராக்கும் என்று அவர்களை ஒரு நாள் உட்கார வைத்துக் காட்டுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு

சேர்ந்ததும் பயிற்சிக்கு அனுப்புவார்கள். 2023 மே மாதம் தொடங்கிய 'போஷன் பி படாய் பி' (ஊட்டச்சத்தும் உண்டு, படிப்பும் உண்டு) திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு முன்பருவக் கல்வி பற்றி மூன்று நாள் பயிற்சி உண்டு. அது தொடக்கம் மட்டுமே. செல்போனில் போஷன் டிராக்கர் செயலியில் தினமும் வருகை, எடை, உணவு எல்லாம் ஏற்ற வேண்டும். டவர் இல்லாத ஊர்களில் இது பெரும்பாடு, எனவே கையால் ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதி வைத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும்போது ஏற்றுங்கள். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வரும்போது அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

கிராம சுகாதார செவிலியரோடு ஒட்டுறவாக இருங்கள். ஆறு, பத்து, பதினாலாம் வாரத் தடுப்பூசியும், ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் யாருக்குப் பாக்கி என்று அந்த அக்காவுக்கு ஒரு பட்டியல் இருக்கும், உங்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். இரண்டையும் மாதம் ஒரு முறை ஒப்பிட்டால் விடுபட்டவர்கள் தெரிந்துவிடுவார்கள்.

சட்டத்தில் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு. "ஊர்ல பேரு கெட்டுரும் டீச்சர்" என்று எந்தப் பெரியவர் வந்து சொன்னாலும், ஊர்க்கூட்டம் பேசித் தீர்க்கிற விஷயம் அது அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098. அதை மையத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

மேலே போக வழி இருக்கிறது. பணிமூப்பில் மேற்பார்வையாளர் பதவி வரை உயரலாம். மனையியல், குழந்தை வளர்ச்சி போன்ற பட்டம் முடித்தவர்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாகத் திட்ட அலுவலர் தேர்வும் எழுதலாம், அதனால் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிப்பது வீண்போகாது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே நியமன ஆணை, சேர்ந்த நாள் அறிக்கை, ஒவ்வொரு மாறுதல் உத்தரவு, ஊதியச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஆபீஸ் பீரோவில் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்.